இடது பக்கம் திரும்பு

சென்னை,
கார்த்திகை மாதம், விடாத மழை.

அன்புள்ள ஜெசி,

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் கடற்கரையோரமாக நாம் காரில் போவதற்கு உன் மகன் அனுப்பிய அட்டவணையை இரண்டு தடவை படித்தேன். மூன்று நாள், பதினேழு ஊர். "தரங்கம்பாடி 11.40 முதல் 12.15 வரை" என்று போட்டிருக்கிறான். முப்பத்தைந்து நிமிஷம்! நாம் இரண்டு பேரும் காரிலிருந்து இறங்கி முட்டியை நிமிர்த்தவே அதில் பத்து நிமிஷம் போய்விடும். பிள்ளை சிரமப்பட்டுச் செய்திருக்கிறான், என் அன்பைச் சொல். ஆனால் அதன்படி போவதாக இல்லை. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நீ பாதியிலேயே "சரி சரி" என்று சொல்லி வைத்துவிடுவாய்.

முதலில் சேதி. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எதிர் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் சேலையின் கரைகூட இப்போது தெரிகிறது. கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ராத்திரி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாமாம். எனக்கும் அதுதான் வசதி. அந்தப் பக்கத்து ரோட்டில் இருட்டிய பிறகு பின்விளக்கு இல்லாத டிராக்டரும் நடு ரோட்டில் படுத்திருக்கும் மாடும்தான். ஐந்தரை மணிக்கு எந்த ஊரில் இருக்கிறோமோ அங்கே நிறுத்திவிட வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. வீட்டில் இவர் "ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டு போங்களேன்" என்றார். "டிரைவர் இருந்தால் நாங்கள் என்ன பேசுவது?" என்று கேட்டேன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஆசை ஏன் வந்தது என்று கேட்டிருந்தாய். ஏட்டி, கல்யாணமாகி சென்னைக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். ஊருக்குப் போவதென்றால் எழும்பூரில் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுவேன், விடிந்தால் தூத்துக்குடி. அந்த ரயில் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று உள்நாட்டுக்குள்ளேயே போகிறது. பிறந்ததும் கடற்கரை ஊர், பிழைப்பதும் கடற்கரை ஊர். நடுவில் இருக்கிற கரையை ஒன்றிரண்டு இடம் தவிர நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்தி, சுவரில் மாட்டிய படத்தில் சோழமண்டலக் கரையைக் குச்சியால் தொட்டுக் காட்டியவள். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் முழுக்க வரைபடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர்தானே தவிர, பாண்டிச்சேரிக்குத் தெற்கே அந்த ரோட்டிலிருந்து கடல் அநேகமாகத் தெரியாது. தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் வருகின்றன. கடலில் கலக்கும் இடத்தில் ஆறு கழிமுகமாக அகன்று கிடக்கும், அங்கே பாலம் போடுவது லேசில்லை. ரோடு உள்ளே தள்ளித்தான் ஆற்றைத் தாண்டுகிறது. வயலும் ஊரும் தென்னந்தோப்புமாகப் போய்க்கொண்டே இருக்கும், கடல் எங்கேயோ ஐந்து, பத்து கிலோமீட்டர் கிழக்கே கிடக்கும். தெற்கே போகிற நமக்குக் கடல் எப்போதும் இடது கைப்பக்கம். ஆகவே எந்த இடத்திலெல்லாம் இடது பக்கம் திரும்புவது என்பதுதான் நம் திட்டமே. பதினேழு இடத்திலும் திரும்ப முடியாது. எதை விடுவது என்பதில்தான் நமக்குள் சண்டை வரப்போகிறது.

எப்போது என்பதை முதலில் முடிவு செய்துவிடலாம். மே மாதம் பேரப்பிள்ளைகளுக்கு லீவு என்று நீ எழுதியிருந்தாய், அது வேண்டாம். வெயிலை விடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடற்கரையோரமாக அத்தனை தூரம் போய்விட்டு ஐஸில் வைத்த மீனைத் தின்பதற்கு நான் வரவில்லை. இப்போது போகவும் முடியாது, மழை ஓய்ந்தாலும் ரோடு பல்லாங்குழியாகத்தான் இருக்கும். பொங்கல் கழிந்து போவோம். டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும் நேரம், கோடிக்கரையில் பூநாரைகள் இருக்கும், வெயிலும் உறைக்காது. தை அமாவாசைக்கு மட்டும் ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி. ஞாயிற்றுக்கிழமை நீ பனிமய மாதா கோயில் பூசைக்குப் போய்விடலாம். ஆறு பகல், ஐந்து ராத்திரி. எல்லா இடது திருப்பமும் சேர்த்து 850, 900 கிலோமீட்டர் வரும். திருச்சி, மதுரை வழி நாலுவழிச் சாலையில் 600 கிலோமீட்டர்தான், ஒரே பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று உன் மகன் சொல்வான். சொல்லட்டும்.

மாமல்லபுரத்தில் நிற்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு இருபது தடவையாவது போயிருக்கிறேன். அந்த நேரத்தை ஆலம்பரைக் கோட்டைக்குக் கொடுப்போம். கடப்பாக்கத்தில் திரும்ப வேண்டும். 1760-ல் வெள்ளைக்காரன் பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடித்து இடித்துப் போட்டது, செங்கல் சுவர்கள் மட்டும் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனவாம். அதைத் தாண்டினால் மரக்காணம். ரோட்டோரமே உப்பளம். உப்பளத்து ஊரில் பிறந்த நாம் இரண்டு பேரும் அங்கே இறங்கி, பாத்தி கட்டியிருக்கும் லட்சணத்தைப் பற்றி ஏதாவது குறை சொல்லாமல் போகக் கூடாது. ராத்திரிக்குப் பாண்டிச்சேரி. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, உனக்கே தெரியும்.

மறுநாள் பிச்சாவரமா பூம்புகாரா என்பதை நீயே முடிவு செய். இரண்டும் ஒரே நாளில் என்றால் தரங்கம்பாடிக்கு இருட்டித்தான் போவோம். பிச்சாவரம் என்றால் துடுப்புப் படகாகச் சொல்ல வேண்டும், மோட்டார் படகு அகன்ற கால்வாயோடு திரும்பிவிடும். அலையாத்தி மரங்கள் தலைக்கு மேலே கூரை போட்டிருக்கும் சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். பூம்புகார் என்றால் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கலாம். அத்தனை ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிற ஆறு, கடைசியில் ஒரு வாய்க்கால் மாதிரி வந்து சேருமாம். எனக்கு ஆசை பூம்புகார் மேல்தான், ஆனால் உன் இடுப்புக்குப் படகே மேல் என்றால் அப்படியே.

தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி கட்டாயம் தங்க வேண்டும். 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் இருக்கிறது. 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். புராட்டஸ்டன்ட் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். நம் ஊர்க் கத்தோலிக்கருக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது என்று தெரியும், இருந்தாலும் தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்தவர் என்பதற்காக அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கல் கொட்டியிருக்கிறார்கள். விடியற்காலையில் அந்தக் கல்லில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். பிளாஸ்க் நான் கொண்டு வருகிறேன்.

புதன்கிழமை ஐம்பது கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டியதில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தேன். காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நாகூரில் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்த பெரிய மினாரைப் பார்த்துவிட்டு, தெருவில் இறால் வாடா வாங்கித் தின்றுவிட்டு, வேளாங்கண்ணியில் உன் அம்மா நேர்ந்துகொண்டு நிறைவேற்றாமல் போன கடனை முடிப்போம். நடுவில் நாகப்பட்டினம் இருக்கிறது. 2004-ல் சுனாமி அடித்த மூன்றாம் நாள், உன் பேங்க் ஆட்களோடு அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு கீச்சாங்குப்பம் போனாயே. திரும்பி வந்து எனக்கு எழுதிய கடிதத்தில் கரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அரிசி மூட்டைக் கணக்கு மட்டும்தான் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கமே போகவில்லை என்று எனக்குத் தெரியும். நிற்க வேண்டாம் என்றால் நிற்காமல் போய்விடலாம், காரில் ஏறும் வரை யோசித்துச் சொன்னால் போதும்.

வியாழக்கிழமைதான் நான் விட்டுக்கொடுக்காத நாள். உன் மகன் கோடிக்கரையை "விருப்பம் இருந்தால்" என்று போட்டு வைத்திருக்கிறான். நாகையிலிருந்து ராமநாதபுரம் போகிறவர்கள் திருத்துறைப்பூண்டி வழியாகக் குறுக்கே வெட்டிப் போய்விடுவார்கள், இந்த முனையைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் படத்தைப் பார், வடக்கிலிருந்து நேராக இறங்கி வருகிற கரை அங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. வங்காள விரிகுடா முடிந்து பாக் நீரிணை தொடங்கும் மூலை அது. கோடி என்றால் கோடிதான், பெயர் வைத்தவர்களுக்குப் பூகோளம் தெரிந்திருக்கிறது. வெளிமான் கூட்டம், காட்டுக்குள் அலையும் குதிரைகள், சதுப்பில் பூநாரைகள். போகிற வழியில் வேதாரண்யத்து உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு பேரோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். நம் அப்பாக்கள் அளத்தில் கணக்கு எழுதியவர்கள், அந்த உப்பில் ஒரு கல் எடுத்து வாயில் போட்டுப் பார்க்காமல் வரக் கூடாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை விட்டுவிடுவோம், பிச்சாவரம் போனால் அது போதும். ராத்திரி பட்டுக்கோட்டை. கடற்கரை ஊர் இல்லைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் நம்பித் தங்குகிற லாட்ஜ் அங்கேதான் கிடைக்கும் என்றார்கள். முன்பு ஒரு தடவை வேறொரு ஊரில் இருட்டிய பிறகு அறை தேடி, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை ஐந்து ராத்திரிக்கும் முன்பே போன் போட்டு உறுதி செய்துவிடுவேன்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், உன் மகன் அட்டவணையில் எங்கேயும் இல்லாதது. கழிப்பறை. ஆம்பிளைகள் போடுகிற திட்டத்தில் இது வரவே வராது. பெரிய பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று படத்தில் பச்சை மையால் குறித்துக்கொண்டு வருகிறேன். மல்லிப்பட்டினத்துக்குத் தெற்கே பச்சைப் புள்ளி குறைந்துகொண்டே போகிறது. அங்கே உன் மோர் பாட்டிலைக் கொஞ்சம் அடக்கி வாசி.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனை இங்கிலீஷ்காரன் ஜெயித்ததற்காக 1814-ல் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மீன்பிடிக் கரையில் ஞாபகச் சின்னம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்றே நினைக்கும். சுற்றிலும் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலில் முறிந்துபோன தோப்புகளில் மறுபடி வைத்த கன்றுகள் இப்போது எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து தொண்டி வரைக்கும் கடலில் அலையே இருக்காதாம், குளம் மாதிரி கிடக்குமாம். உங்கள் வீட்டில் அலையில்லாததைப் பெண்கடல், அலையடிப்பதை ஆண்கடல் என்று பேசிக்கொள்வதைக் கேட்டபோது நான் சிரித்திருக்கிறேன். தனுஷ்கோடி மணல் திட்டில் நின்றால் ஒரு கைக்குப் பெண்கடல், மறு கைக்கு ஆண்கடல். அதைச் சனிக்கிழமை விடியலில் நீயே எனக்குக் காட்டிக் கொடு.

1985-ல் காலேஜில் ராமேஸ்வரம் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டுப் பாலம் வராத காலம். பஸ்ஸை மண்டபத்தில் விட்டுவிட்டு ரயிலில் கடந்தோம், நீ ஜன்னலில் கையை நீட்டினாய் என்று மேடம் தலையில் கொட்டினார். அந்த 1914-ஆம் வருஷத்துப் பாலத்தில் இப்போது ரயில் போவதில்லை, பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கும் 1964 புயலுக்குப் பிறகு இத்தனை வருஷம் மணலில் ஜீப்பில் போனார்கள், 2017-லிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. நம் பழைய ஆல்டோ தாராளமாகப் போகும். மணலில் மட்டும் இறக்கக் கூடாது, இறக்கினால் தள்ள நீயும் நானும்தான்.

கடைசி நாள் கீழக்கரையில் தொதல் இனிப்பு வாங்க நிற்போம். உன் சர்க்கரைக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் கேட்காதே. அப்புறம் ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தருவைகுளம் என்று பனங்காட்டோரமாகவே போய் உப்பளத்துக்கு நடுவே ஊருக்குள் நுழைகிறோம். மழைக்குப் பிறகு பாத்தி திருத்திக்கொண்டிருக்கும் நேரம், உப்பு அம்பாரம் இன்னும் எழுந்திருக்காது. அந்தப் பக்கமாக நான் ஊருக்குள் வந்ததே இல்லை, எப்போதும் ஸ்டேஷன் வாசல்தான். அண்ணனிடம் சொல்லிவிட்டேன், எத்தனை மணியானாலும் பொரிச்ச பரோட்டா வாங்கி வைக்கிறானாம்.

வண்டியை அடுத்த வாரம் சர்வீஸுக்கு விடுகிறேன், ஸ்டெப்னியையும் பார்த்துவிடச் சொல்ல வேண்டும். நீ லைசென்ஸைப் புதுப்பித்தாயா இல்லையா? ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து "இடது" என்று சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. அதிலும் உனக்குச் சின்ன வயசிலிருந்தே இடது வலது குழம்பும், கையில் மருதாணி வைத்துக்கொண்டு வா.

பிச்சாவரமா பூம்புகாரா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுது. தரங்கம்பாடி அறைக்கு அதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

உன்,
பத்மா