பசி மட்டும்தானா?

அன்புள்ள சண்முகத்துக்கு,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். இந்தக் கடிதத்தைக்கூட நீ படிக்க வேண்டாம், தங்கச்சியை வாசிக்கச் சொல்லிக் கேள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கும்பகோணத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேத்தி இப்போது எங்களோடு இருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். "பசி தாங்காமல் ஜனங்கள் எழுந்தார்கள், அவ்வளவுதானே?" என்று நீ எழுதிய வரி மனசை விட்டுப் போகவில்லை. பசி இருந்தது, மறுக்கவே முடியாது. 1788 ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை, விளைந்து நின்ற கோதுமையை அடித்துப் போட்டது. அடுத்து வந்த குளிர்காலமும் கொடுமையானது. பாரிஸில் எட்டு ஒன்பது சூ (அந்தக் காலத்துச் சில்லறைக் காசு) விற்ற நாலு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பதினாலரை சூவுக்குப் போய்விட்டது. கூலிக்காரனுக்கு நாள் முழுக்க உழைத்தால் கிடைத்தது இருபது, முப்பது சூ.

ஆனால் சண்முகம், 1775-ஐயும் கொஞ்சம் பார். அந்த வருஷ வசந்தத்திலும் விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறி, பாரிஸைச் சுற்றிலும் சந்தை சந்தையாகக் கலகம் வெடித்தது. மாவுப் போர் என்றே அதற்குப் பெயர். படையை இறக்கினார்கள், சில வாரங்களில் எல்லாம் அடங்கியது. ஜூனில் பதினாறாம் லூயிக்கு ரெய்ம்ஸ் தேவாலயத்தில் முடிசூட்டு விழாவும் நடந்தது. அதே ராஜா, அதே பசி. அப்போது அசையாத சிம்மாசனம் பதினாலு வருஷம் கழித்து ஏன் ஆட்டம் கண்டது? நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

முதல் காரணம் கஜானா. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்தபோது பிரான்ஸ் அவர்கள் பக்கம் போருக்குப் போனது. நூறு கோடி லிவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல் செலவு, பெரும்பகுதி கடன். 1788-இல் அரசுச் செலவில் பாதி, பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. ராணியின் ஆடம்பரம்தான் நாட்டைத் தின்றது என்று நாம் பள்ளியில் படித்தோமே, அரண்மனைச் செலவு மொத்தமும் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்குதான். ராணி நகையையெல்லாம் விற்றிருந்தாலும் அந்தக் கடன் தீர்ந்திருக்காது.

தீர்க்க வழி ஒன்று இருந்தது. பிரபுக்களும் திருச்சபையும் மற்றவர்களைப் போல நிலவரி கட்ட வேண்டும். நிதியமைச்சர் கலோன் அதைத்தான் கேட்டார். 1787 பிப்ரவரியில், ராஜாவின் அரண்மனை இருந்த வெர்சாயில், நாட்டின் பெரிய மனிதர்களைக் கூட்டி அவர்கள் முன் வைத்தார். அவர்கள் இணங்கவில்லை, கலோன் பதவி இழந்தார். பின்னால் வந்த பிரியென் ஏறக்குறைய அதையே கொண்டுவந்தபோது பாரிஸின் பார்லமென்ட், அதாவது உயர் நீதிமன்றம், புது வரிக்குச் சம்மதம் தரும் உரிமை எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு, அதாவது குருமார், பிரபுக்கள், மற்ற ஜனங்கள் என்ற மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகளும் கூடும் சபைக்கு, மட்டுமே உண்டு என்றது. அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614-இல்! தங்கள் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள மேல்தட்டே திறந்துவிட்ட கதவு அது. ராஜாவுக்கு எதிரான முதல் எதிர்ப்பு அரண்மனைக்கு மிக அருகிலிருந்து வந்தது என்பதை நம் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லவே இல்லை.

இன்னொரு செய்தி உனக்குப் பிடிக்கும். திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு அனுப்பிய மூன்று தூதர்கள், புதுச்சேரியில் கப்பலேறிப் போய், 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் லூயியைச் சந்தித்தார்கள். பெரிய வரவேற்பு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடும் தேதி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 16 அன்று கஜானா பணப் பட்டுவாடாவின் ஒரு பகுதியை நிறுத்தியது. எந்த நிலையில் இருந்த அரசிடம் நம் தென்னிந்தியத் தூதர்கள் படை கேட்டு நின்றார்கள், பார்!

1775-க்கும் 1789-க்கும் நடுவே மாறிய எல்லாவற்றிலும் பெரியதாக நான் நினைப்பது குறை நோட்டுகளைத்தான். சபைக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதித் தர வேண்டும் என்று அரசே உத்தரவிட்டது. 1789 வசந்தத்தில் கிராமம் கிராமமாகக் கூடினார்கள். வரி கட்டுகிற, இருபத்தைந்து வயது நிரம்பிய ஆண்கள் பேச, ஒருவர் எழுதினார். என்ன எழுதினார்கள்? உப்பு வரி. தேவாலயத்துக்குத் தரும் தசமபாகம். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் தர வேண்டும் என்ற கட்டாயம். பிரபுவின் புறாக்கள் விதையைத் தின்னும், அவருடைய வேட்டை விலங்குகள் பயிரை மேயும், குடியானவன் கை வைக்க முடியாது. பெரும்பாலான நோட்டுகள் ராஜாவை வாழ்த்தவே செய்தன, ஒழிக என்று சொல்லவில்லை. அவர் காதுக்குப் போனால் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக யாரும் கருத்துக் கேட்டிராத மனிதர்களிடம் அரசு முதல்முறையாக "சொல்" என்றது. சொன்னவன் பதிலுக்குக் காத்திருப்பான் அல்லவா?

மே 5 அன்று சபை கூடியது. அப்போதைய நிதியமைச்சர் நெக்கர் தயாரித்த உரை மூன்று மணி நேரம், பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கு. தலைக்கு ஓர் ஓட்டா, வகுப்புக்கு ஓர் ஓட்டா என்ற ஒரே முக்கியமான விஷயத்துக்கு முடிவில்லை. வகுப்புக்கு ஒன்று என்றால் குருமாரும் பிரபுக்களும் சேர்ந்து மூன்றாம் எஸ்டேட்டை, அதாவது மற்ற ஜனங்களின் வகுப்பை, என்றைக்கும் தோற்கடிக்கலாம். ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது. 20-ஆம் தேதி போனால் மண்டபக் கதவு பூட்டிக்கிடக்கிறது. பக்கத்திலிருந்த டென்னிஸ் கூடத்துக்குப் போய், அரசியலமைப்பு ஒன்றை உருவாக்காமல் கலைய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மர்த்தேன் தோஷ் என்று ஒருவர் மட்டும் மறுத்தார். ராஜா ஒப்புக்கொள்ளாத தீர்மானத்துக்கு என் மனசாட்சி இடம் தராது என்றார். பலரும் ஆத்திரப்பட்டார்கள். ஆனாலும் அவர் மறுப்பை, எதிர்ப்பாளர் என்ற குறிப்போடு, ஆவணத்தில் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்த ஒற்றைக் கையெழுத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை. பின்னால் வந்த ரத்தத்தை நினைக்கும்போது, தொடக்கத்தில் இப்படியும் இருந்தார்கள் என்பது மனசுக்கு ஆறுதல்.

ஜூலை 14-ஐ நீ நன்றாகவே அறிவாய். பாரிஸைச் சுற்றிப் படை குவிந்தது, 11-ஆம் தேதி நெக்கர் நீக்கப்பட்டார், ஜனங்கள் வெடிமருந்து தேடி பாஸ்டில் கோட்டைக்குப் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். ரொட்டி விலை உச்சத்தில் இருந்ததும் அந்த நாட்களில்தான். ஆக உன் பசி அங்கே வந்து சேர்கிறது. ஆனால் அது வந்து சேர்ந்த நேரத்தில் அரசிடம் பணம் இல்லை, மேல்தட்டின் ஆதரவு இல்லை, எதிரே மக்கள் பெயரால் பேச ஒரு சபை ஏற்கெனவே இருந்தது. 1775-இல் இந்த மூன்றும் கிடையாது.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை, உன் கருத்து வேண்டும். ஜூலைக் கடைசியில் குடியானவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து நிலமானியப் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 4 இரவு சபையில் பிரபுக்களே எழுந்து எழுந்து தங்கள் சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள். அது பயமா, உண்மையான மனமாற்றமா? ஒரு வாரத்தில் தீர்மானம் எழுத்தில் வந்தபோது, பல உரிமைகளைக் குடியானவன் பணம் கொடுத்துத்தான் மீட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நஷ்டஈடு இல்லாமல் முழுக்க ஒழிய 1793 ஜூலை வரை ஆனது. அதைப் பார்த்தால் பயம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அன்றிரவு முதலில் எழுந்த நோவாய் என்ற பிரபு அமெரிக்காவில் போரிட்டுத் திரும்பியவர், அவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் தேறியதும் யோசித்து எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். தை பிறந்ததும் ஒருமுறை இங்கே வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்