கணவாய் காய்ந்த கரை

அன்புள்ள செல்விக்கு,

தூத்துக்குடி வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய பாதாம் பருப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் மான்டரேயில் உன் கடல் ஆய்வு நிலையம் நிற்கும் அந்தப் பாறைமுனை என் மனத்தை விட்டு அகலவில்லை. நீ நண்டையும் நட்சத்திர மீனையும் காட்டினாய். நானோ அங்கே குடியிருந்த சீனர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் லோபோஸ் முனையில் பார்த்தோமே ஒரு மரவீடு, 1850களில் அவர்கள் கட்டியது. தரைப்பலகைக்கு அடியில் திமிங்கலத்தின் முதுகெலும்பை முட்டுக்கொடுத்திருந்தார்கள். குனிந்து பார்த்த என்னை நீ கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று!

தங்கம் தேடிப் போன சீனர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து கரையில் ஊர் கட்டியவர்கள். 1860இல் சீன மீனவருக்கு மட்டும் மாதம் 4 டாலர் வரி போட்டார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை. பிறகு வந்த மற்ற மீனவர்கள் போட்டிக்கு நின்று வலைகளை அறுத்தார்கள். அறுந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என்னவென்று உன் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பகல் கடல் பறிபோனதும் சீனர்கள் இரவுக் கடலைப் பிடித்துக்கொண்டார்கள். வள்ளத்தின் முனையில் இரும்புக் கூடை தொங்கும். அதில் பிசின் வடியும் பைன் கட்டையை எரிப்பார்கள். வெளிச்சத்துக்குக் கணவாய் கூட்டமாக மேலே வரும், மற்ற வள்ளங்கள் வலையால் வளைக்கும். விடிந்ததும் கரையெல்லாம் கணவாய் காயும். அது சீனா வரை போயிற்று.

அந்த நாற்றம்தான் பக்கத்து ஊராருக்குப் பெரிய குறையாகிவிட்டது. நிலத்துக்குச் சொந்தமான கம்பெனியும் சீனர்களைக் கிளப்பப் பார்த்தது. 1906 மே 16 அன்று அவர்கள் ஊர் தீப்பற்றியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எஞ்சியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பக் கட்டவும் விடவில்லை. 1917இல் உங்கள் நிலையம் அங்கே வந்தது.

இப்போதும் கணவாய்க்கு அங்கே இரவில் விளக்குப் போட்டுத்தான் போகிறார்களாமே, உன் ஜன்னலிலிருந்து தெரிகிறதா?

கணவாய்க் கருவாடு அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். உன் வீட்டுக்கார அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா