நீ சொன்னது சரி

அன்பு மகன் அந்தோணிக்கு,

நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை.

லீவு கிடைக்கும்போது லண்டனிலிருந்து ராம்ஸ்கேட்டுக்கு ஒரு நடை போய் வா. ‘சன்டவுனர்’ என்ற பழைய மரப்படகை அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

1912-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய நீராவிப் படகு அது. அதே வருஷம்தான் டைட்டானிக் மூழ்கியது. அந்தக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய சார்லஸ் லைட்டோலர், 1929-இல் இதை வாங்கி, நீளத்தைக் கூட்டி, எஞ்சின் வைத்து, 58 அடி உல்லாசப் படகாக மாற்றினார். பெயர் வைத்தது அவர் மனைவி சில்வியா. ஆஸ்திரேலியாக்காரி. பொழுது சாயும் நேரம் பார்த்துப் பண்ணை வீட்டு வாசலில் சோற்றுக்கும் படுக்கைக்கும் வந்து நிற்கும் வழிப்போக்கனை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம்.

1940-இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் ராணுவம் மாட்டிக்கொண்டபோது கடற்படை இந்தப் படகைக் கேட்டது. கொடுக்கிறேன், ஆனால் ஓட்டிப் போவது நான்தான் என்றுவிட்டார் லைட்டோலர். வயது 66. மூத்த மகன் ரோஜரும் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனும் கூட ஏறிக்கொண்டார்கள். ஜூன் 1-ஆம் தேதி கிளம்பினார்கள். போகிற வழியிலேயே தீப்பிடித்த இன்னொரு படகின் ஆட்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அதுவரை 21 பேருக்கு மேல் ஏற்றாத படகு. ரோஜர் கீழே நின்று ஒவ்வொரு சிப்பாயாகப் படுக்க வைத்து அடுக்கியிருக்கிறார். கீழே நிறைந்த பிறகு மேல்தளம். படகு ஆடுகிற ஆட்டம் மாறுவது காலுக்குத் தெரிந்ததும் இனி ஆள் ஏற்ற வேண்டாம் என்று நிறுத்தினார் லைட்டோலர். நாற்பது வருஷம் தோணி கட்டிய எனக்கு அந்த ஆட்டம் தெரியும். ஏறியிருந்தது ஏறக்குறைய 130 பேர்.

திரும்பும்போது தலைக்கு மேல் விமானங்கள். அவை கடைசி நொடியில் குறி வைக்கும்வரை பொறுத்திருந்து, சட்டென்று சுக்கானை முழுக்கத் திருப்பிவிட வேண்டும். இந்த வித்தை அவருக்கு இளைய மகன் பிரையன் சொல்லிக் கொடுத்தது. விமானப்படையில் இருந்த பையன் அவன். வீட்டுக்கு வரும்போது பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் அப்பா மனதில் வாங்கி வைத்திருக்கிறார். போர் தொடங்கிய வாரமே, 1939 செப்டம்பரில், பிரையன் இறந்துபோனான். அவன் சொல்லிவைத்த வித்தையால்தான் ஒருவருக்கும் காயமில்லாமல் கரை சேர்ந்தோம் என்று அந்த அப்பா எழுதியிருக்கிறார். ரோஜரும் 1945-இல் போரில் இறந்துபோனார்.

இதைப் படித்தபோது உன் நினைப்புதான் வந்தது. பத்தாவது படிக்கையில் பட்டறைக்கு வந்து நின்று, “எஞ்சினை இன்னும் ரெண்டு அடி முன்னால வைங்கப்பா, பின்னால அமுங்கும்” என்றாய். தோணி கட்டும் ஓடாவி நானா நீயா என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன். தண்ணீரில் இறக்கியதும் நீ சொன்னபடியே பின்பக்கம் அமுங்கியது. முன்பக்கம் அணியத்தில் கல் அடுக்கித்தான் சமாளித்தோம். அதற்குப் பிறகு நீ பட்டறைப் பக்கம் வந்து எதுவும் சொன்னதில்லை. அன்று நீ சொன்னது சரி, அந்தோணி. இத்தனை வருஷம் கழித்தாவது அதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ராம்ஸ்கேட்டில் கிட்டப் போய்ப் பார்க்க விட்டால், பலகைகள் சேரும் இடத்தை நன்றாகப் பார். இடுக்கை அடைக்கும் கலப்பத்துக்கு என்ன திணித்திருக்கிறார்கள், ஆணி செம்பா இரும்பா என்று பார்த்து நாலு படம் எடுத்து அனுப்பு. எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்த்து, அது சரியான இடம்தானா என்று உனக்குத் தோன்றுவதை எழுது.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி