ட்ராக்கும் போர்க்களமும்

கண்ணு,

நேத்து போன்ல உங்க கோச் "ட்ராக்குன்னா போர்க்களம், அந்தக் காலத்து கிரீஸ்லயே அப்படித்தான்"னு சொன்னதா சொன்னியே, கூடவே தோத்தா செத்த மாதிரின்னும் சொன்ன, அதுலேர்ந்து அப்பாவுக்கு மனசே ஆறல, அதான் எழுதறேன்.

அவர் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கும்மா. கிமு 520ல, பழைய ஒலிம்பிக் நடந்த ஒலிம்பியாவுல போட்டிகளோட புதுசா ஒரு ஓட்டம் சேர்த்தாங்க. தலையில வெண்கல ஹெல்மெட், கால்ல கவசம், இடது கையில பெரிய வட்டக் கேடயம், மத்தபடி உடம்புல ஒட்டுத்துணி கிடையாது. மைதானத்தோட ஒரு முனையிலேர்ந்து மறுமுனைக்கு ஓடி, கம்பத்த சுத்தித் திரும்பி வரணும், கிட்டத்தட்ட உன்னோட 400 மீட்டர்தான். இதுக்குன்னே ஜீயஸ் கோயில்ல 25 வெண்கலக் கேடயம் வச்சிருந்தாங்க. அவ்ளோ வெயிட்ட ஒரு கையில தூக்கிகிட்டு அந்தத் திருப்பத்துல எப்படி பேலன்ஸ் பண்ணியிருப்பாங்க, உனக்குத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு யோசி. போர்ல அந்தக் கேடயம் பாதி உனக்கு, பாதி இடதுபக்கம் நிக்கறவனுக்கு. வரிசைய விட்டு முன்னாடி ஓடினா அவன் செத்தான். ஓட்டத்துல பக்கத்துல வர்றவன விட்டுட்டுப் போறதுதானே வேலையே. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

விளையாட்டு போருக்கு உதவுமாங்கறதுல அந்த கிரேக்கர்களுக்குள்ளயே பெரிய சண்டை. ஸ்பார்ட்டா கவிஞர் டிர்டேயஸ், ஓட்டத்துலயோ மல்யுத்தத்துலயோ கெட்டிக்காரனா இருக்கான்னு ஒருத்தன நான் மதிக்க மாட்டேன், எதிரி முன்னாடி அசையாம நிக்கணும்னு பாடினார். யூரிப்பிடிஸ் நாடகத்துல, கையில வட்டு வச்சிகிட்டா எதிரியோட சண்டை போடுவாங்கன்னு ஒரு பாத்திரம் கேக்குது. தத்துவஞானி பிளேட்டோ இன்னும் மோசம், இந்த விளையாட்டு வீரர்கள் தூங்கியே காலத்த ஓட்டறாங்க, சாப்பாடு கொஞ்சம் மாறினாலே படுத்துடறாங்கன்னுட்டார். மல்யுத்த வீரன் மைலோ ஒலிம்பிக் கிரீடங்கள தலையில வச்சிகிட்டு போருக்கே போன கதையும் இருக்கு, இல்லேங்கல.

கிமு 364ல நெஜமாவே சண்டை மைதானத்துக்குள்ள வந்துச்சு. பென்டாத்லான்ங்கற ஐந்து விளையாட்டுப் போட்டியில ஓட்டம் முடிஞ்சு மல்யுத்தம் நடந்துட்டிருந்தப்போ, போட்டிய நடத்துற உரிமைய பறிகொடுத்த எலிஸ் ஊர்க்காரங்க படையோட வந்துட்டாங்க, கோயில் வளாகத்துலயே வெட்டு குத்து, கூரை மேலேர்ந்தெல்லாம் எறிஞ்சிருக்காங்க. அதுதான்மா போர்க்களம். நீ ஹீட்ஸ்ல நாலாவதா வந்தது அது இல்ல.

கோச்சுகிட்ட இத வச்சு வாதம் பண்ணாத, நல்ல மனுஷன், டைமிங் நல்லாதான் பாக்கறார். அடுத்த மீட் தேதி தெரிஞ்சதும் சொல்லு, அம்மாவும் வர்றேங்கறா, டிக்கெட் போடணும்.

அப்பா