எஸ்.பி. ரோடு போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கவருக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. பழைய லேப்டாப் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். உன் சொந்தச் சம்பாத்தியம். அதில் ஒரு ரூபாய்கூட வெறும் ஸ்டிக்கருக்குப் போகக் கூடாது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். நம் கடைக்குப் பழைய மெஷின் வந்தால் நான் முதலில் என்ன பார்ப்பேனோ, அதுதான் இது.

பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன், விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. லேப்டாப்பை ஆஃப் செய்துவிட்டு இதைச் செருகு. ஆன் செய்ததும் பூட் மெனு, அதாவது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல், வரும் கீயை அழுத்து. அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடு. பெரும்பாலும் எஃப்12, சிலவற்றில் எஃப்9. எல்லாம் பென்டிரைவிலிருந்தே ஓடும், உள்ளே இருக்கிற விண்டோஸை நீயாகத் தொட்டால் ஒழிய ஒன்றும் ஆகாது. கடைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லி, கேட்டுவிட்டுச் செய்.

அப்புறம் டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கிற திரையை, திற. கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி எழுதுகிறேன், நீ ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்.

முதலில் ப்ராசஸருக்கு எல்எஸ்சிபியு. 'மாடல் நேம்' என்ற வரியையும், எத்தனை கோர், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்ற வரிகளையும் பார். கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்கிற ஆள் மாதிரி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை. ஸ்டிக்கரில் ஐ7 என்று இருந்தால் எல்லோரும் மயங்குகிறார்கள். ஐ7-7500யு என்பதில் இருப்பது 2 கோர்தான். 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் 4 கோர், 8 த்ரெட். பெயரில் ஐ5 என்றிருந்தாலும் உன் டேட்டா வேலைக்கு இரண்டாவதுதான் நல்லது. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண் தலைமுறையைச் சொல்கிறது. 10-ஆம் தலைமுறையிலிருந்து அது இரண்டு இலக்கம். இன்டெல் என்றால் எட்டுக்குக் கீழே வாங்காதே. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையில், ஒன்றிரண்டைத் தவிர, விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்பதில்லை. அந்த மெஷின்களை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

ரேமுக்கு ஃப்ரீ, இடைவெளி, ஹைஃபன் ஹெச். 8 ஜிபி என்று சொன்ன மெஷினில் 7.6 என்ற மாதிரி வந்தால் சண்டை போடாதே, உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸும் சிஸ்டமும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும். ரேமை நாளைக்கு ஏற்ற முடியுமா என்பதுதான் முக்கியம். அதற்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டச் சொல்லும் வார்த்தை) போட்டு டிஎம்ஐடீகோட், ஹைஃபன் டி, மெமரி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் சோடிம் என்று வந்தால் ஸ்லாட்டில் கழற்றி மாட்டுகிற ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்தது, கழற்ற முடியாது. 'நோ மாட்யூல் இன்ஸ்டால்டு' என்று ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் சந்தோஷம், பின்னால் ஒரு ஸ்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த டிஎம்ஐடீகோட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வன்பொருளை நேரில் போய்ப் பார்ப்பதில்லை. பயாஸ், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டு மென்பொருள், எழுதி வைத்த அட்டவணையை அப்படியே படித்துக் காட்டும், அவ்வளவுதான். தயாரிப்பாளர் அதில் தப்பாக எழுதியிருந்தால் உனக்கும் தப்பாகவே வரும். 'மேக்ஸிமம் கெப்பாசிட்டி' என்ற வரி பல மெஷின்களில் தவறாக இருக்கும். அசெம்பிள் செய்த பிசிக்களில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்று நிரப்பாமலே கிடக்கும். எந்தக் கட்டளை அடித்தாலும், இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசி. எல்எஸ்சிபியு சொல்வது பெரும்பாலும் சிப்பே தன்னைப் பற்றிச் சொல்வது. டிஎம்ஐடீகோட் சொல்வது யாரோ எழுதி வைத்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்காதே.

டிஸ்க்குக்கு எல்எஸ்பிஎல்கே. 256 ஜிபி எஸ்எஸ்டி 238.5 என்று காட்டும், 500 ஜிபி 465.8 என்று காட்டும். விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கட்டளை 1024-ஆக எண்ணுகிறது. ஏமாற்று ஒன்றும் இல்லை. அதன் உடல்நிலையைப் பார்க்க ஸ்மார்ட்சிடிஎல். நான் பென்டிரைவிலேயே அதையும் போட்டுவிட்டேன், கூட என்ன அடிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'பவர் ஆன் ஹவர்ஸ்' பார். ஆபீஸில் ஓடிய மெஷின் ஒரு வருஷத்துக்குச் சுமார் 2,000 மணி நேரம் ஓடியிருக்கும், அப்படியானால் 10,000 என்பது ஐந்து வருஷ உழைப்பு. என்விஎம்இ வகை (வேகமான எஸ்எஸ்டி) என்றால் 'பர்சன்டேஜ் யூஸ்டு' என்று ஒரு வரி வரும். 20, 30 இருந்தால் பரவாயில்லை. பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால் 'கரன்ட் பெண்டிங் செக்டார்' பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து வந்துவிடு.

இனி பேட்டரி. பழைய லேப்டாப்பில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், அதனால் நிதானமாகப் படி. யுபவர், ஹைஃபன் டி என்று அடித்தால் நீளமாக வரும். அதில் 'பர்சன்டேஜ்' 100 என்று இருப்பதைக் காட்டி, பேட்டரி நூறு சதவீதம் என்பார்கள். அது இப்போது ஏறியிருக்கிற சார்ஜ்தான். நீ பார்க்க வேண்டியது 'எனர்ஜி ஃபுல்', 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்ற இரண்டு வரிகள். டிசைன் 50 வாட்-ஹவர், இப்போது முழுசாக ஏற்றினாலும் 30 என்றால், 60 சதவீதம்தான் மிச்சம். 'கெப்பாசிட்டி' என்ற வரி இதையே வகுத்துச் சொல்லிவிடும். புதிதாக மாட்டிய டூப்ளிகேட் பேட்டரி என்றால் இந்த எண்களும் பொய் சொல்லலாம், ஏனென்றால் இது பேட்டரிக்குள் இருக்கும் சிப் சொல்கிற கணக்கு. அதனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு இருபது நிமிஷம் வீடியோ ஓட விடு. சரசரவென்று இறங்கினால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசு.

வைஃபை கார்டுக்கு எல்எஸ்பிசிஐ, ஹைஃபன், என், என், கே. 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இருந்தால் போதும், கார்டை ஓட்டும் மென்பொருள் லினக்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். கூடவே அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த அவர்களுடைய 8086 சிப்பின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

கடைசியாக, சூடோ டிஎம்ஐடீகோட், ஹைஃபன் எஸ், சிஸ்டம்-சீரியல்-நம்பர். அதில் வருவதும் அடியில் ஒட்டியிருக்கும் சீரியலும் ஒன்றாக இருக்கிறதா பார். பொருந்தவில்லை என்றால் போர்டு மாற்றியிருக்கலாம், அடிப்பக்க கவர் வேறு மெஷினுடையதாக இருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். பில் தருவார்களா, அந்தச் சீரியலை பில்லில் எழுதுவார்களா என்று கேள். தயங்கினால் வேண்டாம்மா, வேறு கடை பார்.

பென்டிரைவ் போட விடமாட்டேன் என்கிறாரா, சரி, விண்டோஸிலேயே கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் அடி. பேட்டரியின் டிசைன் கணக்கு, இப்போதைய கணக்கு இரண்டும் ஒரு பக்கமாக வந்துவிடும். மாடலுக்கும் ரேமுக்கும் சிஸ்டம்இன்ஃபோ.

ஒரு மெஷின் பிடித்துவிட்டது என்றால் இன்க்சி, ஹைஃபன், பெரிய எழுத்தில் எஃப், சின்ன எழுத்தில் இசட் என்று அடித்து, மெஷினின் விவரமெல்லாம் மொத்தமாக வரும் அந்தத் திரையையும் பேட்டரி வரிகளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பு. சனிக்கிழமை முழுக்க கடையில்தான் இருப்பேன், உடனே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா