டாங்கி மாடலும் நெயில் பாலிஷ் ரிமூவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிளாஸ்டிக் டாங்கி மாடல் கட்டுவது பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளின் கையில் போனைத் தவிர வேறு எதையாவது கொடுக்கலாம் என்று எழுதியது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அதில் ஒரு வரியை உடனே திருத்தியாக வேண்டும். பாகங்களில் பிசுக்கு இருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்துவிட்டு ஒட்டும்படி சொல்லியிருந்தார்கள். ரிமூவரில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். இந்த மாடல்கள் வார்க்கப்படுவது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில். அசிட்டோன் பட்ட இடம் இளகும், ரிவெட்டும் வெல்டிங் கோடும் மழுங்கும், துடைத்த பஞ்சின் நார் அப்படியே மேலே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாகத்தைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

பிசுக்கு இருப்பது உண்மைதான். வார்த்த பாகம் அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகத் தடவும் பொருள் அது. அதைப் போக்க பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும். பாகங்களை, அவை இணைந்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தோடேயே கழுவ வேண்டும். வெட்டிவிட்டுக் கழுவினால் கைப்பிடி, கொக்கி எல்லாம் சிங்க் ஓட்டையில் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை, இதே அசிட்டோன் இந்த மாடல்களுக்கென்று விற்கும் திரவப் பசையிலும், பியூட்டைல் அசிட்டேட்டோடு சேர்ந்து, இருக்கிறது. சரியாகச் சொன்னால் அது பசை அல்ல, கரைப்பான். இரண்டு விளிம்பையும் கொஞ்சமாகக் கரைத்து, ஒன்றோடொன்று கலக்க விட்டுவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். அதனால் கட்டுரை சொன்னதுபோல 'பசை தடவி அழுத்துவது' இங்கே தலைகீழ் முறை. முதலில் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட வேண்டும். திரவம் தானாகக் கோட்டுக்குள் ஓடும். பத்து விநாடி கழித்து மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் நூல்போலப் பிதுங்கும். பிதுங்கினால்தான் உள்ளே சந்து இல்லை என்று பொருள். அதை அப்போதே துடைக்கப் போகக் கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டு, பிளேடால் சீவி, 400, 600, 1000 என்று உப்புத்தாளை வரிசையாகப் போட வேண்டும். பிடிக்கிற விரல் கோட்டின் மேல் இருந்தால் திரவம் விரலுக்கடியிலும் ஓடி, கைரேகையை டாங்கியில் பதித்துவிடும்.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வரும் கிட்களில் இந்தத் தேய்ப்பில்தான் பலருக்கும் சறுக்கும். கோட்டின் மேலேயே தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி வட்டம் முட்டையாகிவிடும். ஷூவுக்குப் பாலிஷ் போடுபவர் துணியை இரு கையால் இழுப்பதுபோல, மெல்லிய உப்புத்தாள் பட்டையைக் குழலைச் சுற்றி வளைத்து இழுக்க வேண்டும். நாலு இழுப்புக்கு ஒருமுறை குழலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

அடுத்தது, படத்துக்குக் கீழே இருந்த குறிப்பு. 1965 போரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை வீழ்த்திய விஜயந்தா டாங்கி என்று போட்டிருந்தீர்கள். அந்தப் போரில் விஜயந்தா இல்லவே இல்லை. ஆவடியில் கட்டிய விஜயந்தா சண்டையைப் பார்த்தது 1971-ல். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பேட்டன்களை எதிர்கொண்ட நம் டாங்கிகள் சென்டூரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ்-13 ஆகியவை. ஜீப்பில் பொருத்திய ரீகாயில்லெஸ் பீரங்கியோடு நின்ற அப்துல் ஹமீதின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மாடல் கட்டுகிறவருக்கு இது வெறும் சரித்திரத் திருத்தம் அல்ல. அன்றைய சென்டூரியனில் இருந்தது 20 பவுண்டர் பீரங்கி, உள்விட்டம் 84 மி.மீ. விஜயந்தாவில் இருந்தது 105 மி.மீ. 1/35 அளவு மாடலுக்காக 35-ஆல் வகுத்தால் முன்னது 2.4 மி.மீ., பின்னது 3 மி.மீ. பிற்காலத்து 105 மி.மீ. குழலோடு வரும் சென்டூரியன் கிட்களும் கடையில் கிடைக்கின்றன. பெட்டிப் படத்தை நம்பி வாங்கிவிட்டு அதில் அசல் உத்தர் காட்சி அமைத்தால், விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் குழல்தான்.

'1/35 என்றால் 35 மடங்கு சிறியது' என்ற வரியும் பாதிதான் சரி. நீளம்தான் 35-ல் ஒரு பங்கு. கன அளவு 42,875-ல் ஒரு பங்கு. (35 என்ற எண்ணையே யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1961-ல் ஜப்பானின் மாடல் நிறுவனமான டாமியா தன் பேன்தர் டாங்கி மாடலை மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும் அளவுக்குச் செய்தது. பிறகு அளந்தபோது ஏறத்தாழ 35-ல் ஒன்று வந்தது.) சுமார் 51 டன் சென்டூரியனை அதே உலோகத்தில் இந்த அளவுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 1.2 கிலோ இருக்கும். நம் பிளாஸ்டிக் டாங்கி அதில் சிறு பங்குதான். டாங்கி பொம்மைபோலத் தெரிவதற்கு முக்கியக் காரணம் பெயின்ட் அல்ல, இந்த எடைதான். நிஜ டாங்கியில் இரும்புச் சங்கிலி தன் கனத்தால் தொய்ந்து சக்கரத்தின் மேல் படிகிறது. பிளாஸ்டிக் சங்கிலிக்குக் கனம் கிடையாது, விறைப்பாக நிற்கும். தொய்வை நாம்தான் கட்ட வேண்டும்.

டி-55 என்ற சோவியத் டாங்கியை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து சக்கரம். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் இடைவெளி கூடுதல். மேலே தாங்கும் உருளைகள் இல்லாததால் சங்கிலி சக்கரங்களின் முதுகிலேயே படுத்திருக்கும். முதலில் சக்கரக் கைகளை ஒட்டும்போதே டாங்கியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பத்துச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் நோட்டுத்தாளைச் செருகி இழுத்தால் எங்கேயும் தடையில்லாமல் வரக் கூடாது. வரும் இடத்தில் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். சங்கிலி போட்ட பிறகு அதைத் திருத்த முடியாது. பிறகு, தனித்தனிக் கண்ணிகளைச் செலோடேப்பின் மேல் ஸ்கேலை ஒட்டி வரிசையாக அடுக்கி, இணைப்புகளில் திரவத்தைத் தொட்டு வைக்க வேண்டும். சாதாரணமாக இருபது, முப்பது நிமிடத்தில் சங்கிலி வளையும், ஆனால் பிரியாது. அந்த நேரத்தில்தான் சக்கரங்களைச் சுற்றிப் போட வேண்டும். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் கரைப்பான் வேகமாகப் பறந்துவிடும். பத்தாவது நிமிடத்திலேயே ஒரு முனையைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. முழுக்க இறுகிய பின் வளைத்தால் படபடவென்று உடையும். சுற்றியதும் மேலே ஃபெண்டருக்கும் (சங்கிலிக்கு மேலிருக்கும் மட்கார்டு) சங்கிலிக்கும் நடுவே பஞ்சுத் துண்டுகளைத் திணித்தால் சங்கிலி சக்கரத்தில் படியும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் பஞ்சை உருவலாம்.

ரப்பர்போல ஒரே பட்டையாக வரும் வினைல் சங்கிலி சுலபம்தான். ஆனால் அதில் இருக்கும் மென்மையாக்கிக் கசிந்து, சில வருடங்களில் சக்கரத்தின் பாலிஸ்டைரீனை அரித்துப் பள்ளம் போடும். அதைப் பயன்படுத்தினால் சக்கர விளிம்பு முழுவதையும் பெயின்டால் மூடிய பிறகே மாட்ட வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் வெளியூர்க்காரர் எழுதிய குறிப்புகள் நமக்கு அப்படியே ஒத்துவராது. ஒரே மாவட்டத்துக்குள் கீழே சேலத்தின் வெயில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டின் மூடுபனி. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷுக்கு 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் பதத்தில் கரைத்த அக்ரிலிக் என்பது பொதுவான அளவு. கோடையில் சேலத்தில் இதே அளவில் அடித்தால் பெயின்ட் துளி காற்றிலேயே காய்ந்து மாவுபோல விழும், தொட்டால் சொரசொரக்கும், நாசில் நுனியும் அடைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் அடிப்பது, அழுத்தத்தைக் குறைத்து நாசிலை எட்டுப் பத்து செ.மீ. தூரத்துக்குக் கொண்டு வருவது, கலவையில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்ப்பது, இந்த மூன்றில் எதையும் விடக் கூடாது.

ஏற்காட்டில் மழைக்காலத்தில் வேறு தொல்லை. லேக்கர் வகைப் பெயின்டின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். மேட் வார்னிஷ் அடித்தால் கரும்பச்சை டாங்கி சாம்பல் பூசியதுபோல நிற்கும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் இல்லையென்றால் பெயின்டோடு தண்ணீரும் தெறிக்கும். மழை நாளில் ஒட்டுவது, தேய்ப்பது மட்டும் வைத்துக்கொள்வதே சரி. சூப்பர் குளூவும் ஈரக்காற்றில் தன்னைச் சுற்றி வெள்ளைப் படலம் விடும். ஃபேன் போட்டு, ஊசி நுனியளவு மட்டும் வைத்தால் குறையும்.

ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' என்று மொட்டையாகக் கேட்டால் என்.சி. தின்னரைத் தருவார்கள். அது பெயின்டையும் தின்னும், பிளாஸ்டிக்கையும் தின்னும். பள்ளங்களில் நிழல் காட்ட நீர்க்கப் பூசும் ஆயில் கலர் வாஷுக்கு வேண்டியது டர்பன்டைன். அதையும் குட்டையாகத் தேங்க விட்டால் அழுத்தத்தில் இருக்கும் அச்சு, சக்கரக் கை போன்றவை விரிசல் விட்டு உடையும். டிகாலை (டாங்கியில் ஒட்டும் எண், சின்னப் படங்கள்) ஊறவைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புத் தடம் தெரியும். பேட்டரி தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடம் முழுக்க வரும்.

கருவிகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று கட்டுரை சொன்னது சேலத்துக்காரர் படித்தால் சிரிக்க வேண்டிய செய்தி. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் ஊசி அரம், சாமணம், கை டிரில், அரை மி.மீ. டிரில் முனை, நுனி மெலிந்த குறடு எல்லாமே கிடைக்கும். வெளியிலிருந்து வாங்க வேண்டியது, ஒரு பக்கம் தட்டையான நல்ல கட்டர் ஒன்றுதான். அதிலும் இரண்டு வெட்டாக வெட்ட வேண்டும்: முதலில் பாகத்திலிருந்து இரண்டு மி.மீ. தள்ளி, பிறகு அடியோடு. ஒரே வெட்டில் அடியோடு வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுக்கும், சில சமயம் பாகத்தையே கிள்ளிக்கொண்டு வரும். இழுவைக் கயிற்றுக்கு ஒயரின் செம்பு இழைகளை முறுக்கிக்கொள்ளலாம். கிட்டில் வரும் நூல் எத்தனை பெயின்ட் அடித்தாலும் பிசிறடிக்கும்.

'தனிமையில் செய்யும் பொழுதுபோக்கு' என்றும் எழுதியிருந்தார்கள். தனியாகவும் செய்யலாம். ஆனால் கம்ப்ரசர், ஏர்பிரஷ், பத்திருபது பெயின்ட் பாட்டில் என்று ஒவ்வொருவரும் வாங்கினால் கிட்டை விட அதற்குத்தான் செலவு. நாலைந்து பேர் ஒரே கிட்டை ஒரே மேசையில் கட்டினால் கருவி ஒரு செட் போதும். முதலாமவர் டாங்கியில் பொருந்தாத பாகம் மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்; அவர்கள் ஒட்டும்முன் தேய்த்துக்கொள்வார்கள். கிட்டில் மிஞ்சும் பெட்ரோல் டப்பா, மண்வெட்டி, மூடி எல்லாம் ஒரு பொது டப்பாவில் சேர்ந்தால் அடுத்த கிட்டுக்கு ஆகும். வேலையைப் பங்கு போட்டு ஒருவர் வெட்ட ஒருவர் ஒட்ட என்று மட்டும் செய்ய வேண்டாம். ஒட்டுகிறவருக்குத் தன் கை வெட்டிய விளிம்பு எங்கே சரியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தூசி. வீட்டு வாசல் செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து டாங்கியில் பூசுவது மலிவான, நல்ல வழி. ஆனால் அசல் உத்தர் பஞ்சாபின் வண்டல் பூமி, அந்த மண் வெளிறிய சாம்பல் பழுப்பு. அங்கே போன சென்டூரியனில் நம்மூர்ச் செம்மண் இருந்தால் டாங்கி ஓமலூரில்தான் சண்டை போட்டிருக்க வேண்டும். அளவையும் மறக்கக் கூடாது, ஒரு மி.மீ. கீறல் நிஜத்தில் 35 மி.மீ., இரண்டு விரல் அகலம். அடித்தளத்துக்குத் தெர்மோகோல் வைப்பவர்கள் அதன் மேல் முதலில் ஃபெவிகால் பூச வேண்டும். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்தான், ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் உருகிக் குழியாகும். காய்ந்த இலைச் சருகுக்கு ஏற்காட்டுக் காபியின் சக்கை அழகாகப் பொருந்தும். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பெயின்ட் அடிக்கும்போது துணி முகமூடி ஆவியைத் தடுக்காது, கரைப்பான் ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடியே வேண்டும்; ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பிளேடும் சூப்பர் குளூவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகட்டும். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றால் அசிட்டோன் பற்றிய முதல் பத்தியையும் இந்த முகமூடி வரியையும் மட்டுமாவது வரும் ஞாயிறு இணைப்பில் போட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மாடல் கட்டும் வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி மற்றும் ஏற்காடு, சேலம் மாவட்டம்.