ஏணியைப் பிடிக்க ஒருவர்

அன்பு மகளுக்கு,

படங்கள் கிடைத்தன. கூரை ஓரத்தில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கும் பனிக்கட்டி அம்மாவுக்கு வடிவாகத் தெரிந்தது. வடிவு இல்லை, பிள்ளை. வீட்டுச் சூடு சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அற்றிக்குக்குள் ஏறிக் கூரைமேல் கிடக்கும் பனியை உருக்க, அந்தத் தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி உறைகிறது. ஒட்டாவாக் குளிரில் நீ கட்டும் ஹீட்டிங் காசுதான் அங்கே தொங்குகிறது.

முதலில் ஓட்டைகளை அடை. இன்சுலேஷன், அதுதான் சூடு காக்கும் பஞ்சு, அதற்குப் பிறகு. வயர் போகும் துளை, கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, உள்சுவர்களின் மேல்விளிம்பு, அற்றிக் மூடியின் ஓரம் எல்லாவற்றாலும் சூடான காற்று மேலே போகும். பழைய பஞ்சு எங்கே கறுத்துக் கிடக்கிறதோ அதன்கீழ் தேடு. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஸ்ப்ரே ஃபோம் அடித்துவிடாதே. அங்கே தகரமும் நெருப்புத் தாங்கும் பசையும்தான். அப்புறம் செல்லுலோஸ், அதுதான் காகிதத் தூள் இன்சுலேஷன், ஊதலாம். சூட்டைத் தடுக்கும் அளவு ஆர்-60 வேண்டுமென்றால் பதினாறு பதினேழு அங்குலத் தடிப்பு வரும்.

ஏறும்போது கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும். மேலே மரச்சட்டத்தில் மட்டும் கால் வை. சித்தப்பா கால் வைத்த இடம் உனக்குத் தெரியும்.

உன்னுடையது 1950களில் கட்டிய வீடு. சாம்பலும் பொன்னிறமுமாகப் பொடிக்கல் போல ஏதாவது கிடந்தால் தொடாதே, மூடியைச் சாத்திவிட்டு இறங்கு. அது வெர்மிகுலைட், அந்தக் காலத்தில் சூடு காக்கக் கொட்டிய கனிமம். அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்ததில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. சுரங்கத்தை 1990இல் மூடினார்கள். பழைய வீடுகளின் தலைக்குமேல் அது இன்னும் கிடக்கிறது. பரிசோதிக்கக் கொடு. காசு பார்க்காதே.

முப்பத்தைந்து வயதில் சொந்த உழைப்பில் வீடு. கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் எனக்கே நீ பத்திரம் எழுதிய பிறகுதான் சொன்னாய். பொங்கலுக்கும் வரவில்லை. தொலைபேசியில் கதைத்தால் கூரையைப் பற்றி மட்டும் கதைக்கிறாய். நீ அனுப்பிய வாசல் படத்தில் ஒரு சோடிச் சப்பாத்துத்தான் கிடந்தது. அம்மா கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

தனியாக ஏறாதே என்றுதான் சொல்கிறேன்.

குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா என்று கட்டாயம் பார். கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளைப் பஞ்சால் மூடிவிடாதே. இதை நான் படித்துச் சொல்லவில்லை. 1999இல் டொரொன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீட்டில் நான்தான் மூடினேன். எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். விசிறிக் குழாயும் அற்றிக்குக்குள்ளேயே திறந்து கிடந்தது. குளிர்காலம் முழுக்க ஈரம் கூரைப் பலகையில் உறைந்து, மார்ச்சில் உருகி, உன் கட்டிலுக்கு நேர்மேலே கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. சின்னக் கறை என்று சொல்லி வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். அடுத்த வருடமும் அடித்தேன்.

அந்த இரண்டு வருடமும் நீ சாமத்தில் எழுந்திருந்து இருமினாய். ஈரத்தலையோடு பள்ளிக்கூடம் போகிறாய் என்று உன்னைத்தான் ஏசினேன். மூச்சுக்கு இழுக்கும் பம்ப் எழுதித் தந்த டொக்டர் வீட்டில் ஈரம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆள் கூப்பிடக் காசில்லை என்று அம்மாவிடம் சொன்னது பாதிதான் உண்மை. என் வேலை பிழைத்துவிட்டது என்று இன்னொருவன் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. பிறகு கூரை மாற்ற வந்தவர் பலகையைக் காட்டினார். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்தத் துளைகளை மூட நான் ஏறியபோது ஏணியைப் பிடித்தது நீ. ஒன்பது வயது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "அப்பா, முடிந்ததா?" என்று கேட்டபடியே நின்றாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்சில் வரட்டுமா? ஐந்து மணித்தியாலம்தானே. அம்மாவை விட்டுவிட்டு வருகிறேன். மேலே ஏறமாட்டேன், முழங்கால் விடாது. உன்னிடம் ஒன்றும் கேட்கவும் மாட்டேன்.

அப்பா

மூடியின் ஓரத்துக்கு ஒட்டும் ரப்பர் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு பக்கமும் அளந்து அனுப்பு. கீழே நின்று அளக்காதே, சரியாக வராது. ஏணியை யாராவது பிடித்தால் மட்டும் ஏறு.